ஆறு பார்த்த வளவும் கடல் கேட்ட வளவும்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் இருக்கும் வீடு மூத்தவளுக்கு, அடுத்தவளுக்கு அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இன்னொன்று. மாப்பிள்ளை ஒரு துணிப்பெட்டியோடு வந்து சேருவார். எனக்கான வீட்டுக்கு அத்திவாரக் கல் வந்து இறங்கிய வருஷமே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அந்தக் கல்லில் கொஞ்சத்தை அக்கா கிணற்றடியில் பரப்பினாள். மீதி வேலியோரம் கிடந்து பாசி பிடித்தது. அதனால் நான் கலியாணம் முடித்து வாழத் தொடங்கியது புளியந்தீவில், அக்காவுக்குக் கொடுத்த வீட்டில், பக்கத்து அறையில்.

அந்த அறைக்கு ஒரு ஜன்னல். அது அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. அக்கா கெட்டவளல்ல. ஆனால் அவளுக்கு ஐந்து பிள்ளைகள். காலையில் கண் விழிக்கும்போதே யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். "புள்ள, அடுப்பப் பாரு. புள்ள, இவன் அழுறான்." கூப்பிடுவது ஓயும் நேரத்தில் அறைக்குள் வந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். எதை நினைத்தேன் என்று இப்போது ஞாபகமில்லை. சுவரில் மழைநீர் வடிந்த கறைகள் ஒரு ஊரின் தெருக்களைப் போல இருந்தது மட்டும் ஞாபகம்.

என் கணவர் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"பாலத்துக்கு அங்கால தென்னந்தோட்டம் ஒண்டு துண்டு துண்டா விக்கப் போறாங்களாம். ரோட்டெல்லாம் நேரா வெட்டி, எல்லைக்கல்லும் நட்டாச்சி. பள்ளிக்கூடம் வரும், சந்தை வருமாம். எங்கட கந்தோர்ல நாலு பேர் பாத்திட்டு வந்திரிக்கிறாங்க."

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல்துண்டு அது. வாவி என்று புத்தகத்தில் எழுதுவதை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வரைபடத்தில் அந்த இடத்துக்கு நீளமான ஒரு ஆங்கிலப் பெயர் இருந்தது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது புதுவளவு.

அந்த ஆடி மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில், பாலத்தால் சுற்றி நடப்பது தூரம் என்பதால், தோணி பிடித்துப் புதுவளவுக்குப் போய்வரத் தொடங்கினோம். எனக்கு அப்போது வயிற்றில் முதல் பிள்ளை. கச்சான் காற்று வீசும் வறண்ட காலம். தென்னைகளில் பாதியைத் தறித்துவிட்டிருந்தார்கள். மீதி நின்றவை எதையோ கேட்டுவிட்டு மறந்துபோனவை போலத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். கீழே வெள்ளை மணலில் வெள்ளைக் கற்கள் வரிசையாக நின்றன. வீதி இருந்தது, வீடு இல்லை. சந்தி இருந்தது, சந்திப்பதற்கு ஆளில்லை. நாங்கள் இருவரும் அந்த இல்லாத ஊரின் நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு நடப்போம்.

அவருக்குப் பிடித்தது ஆற்றங்கரையை ஒட்டிய வளவு. ஒரு தடியை எடுத்து மணலில் வீட்டைக் கீறினார். இது மண்டபம், இது சாமான் அறை, இது நீ பிள்ளையோடு படுக்கும் அறை. கதவு வைக்கவேண்டிய இடத்தில் கோட்டை அழித்துவிட்டார். நான் ஒருமுறை தெரியாமல் கோட்டைத் தாண்டி நடந்தபோது, "சுவருக்குள்ளால வாறாய்" என்று சிரித்தார். அதன்பிறகு நானும் கதவால்தான் நுழைவேன். மத்தியானம் கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு, அந்தக் கீறிய அறைக்குள் பாயை விரித்துப் படுப்பேன். தலைக்கு மேலே கூரைக்குப் பதில் ஓலைகள் அசையும். ஆற்றின் ஒளி ஓலையின் அடிப்பக்கத்தில் பட்டு ஓடும். நான் கீழே இருக்கிறேனா தண்ணீருக்குள் இருக்கிறேனா என்று தெரியாத ஒரு மயக்கம் வரும். பிள்ளை வயிற்றில் மெல்லப் புரளும். அந்த மாதங்களில் எனக்கிருந்த வீடு அதுதான்.

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் அம்மா இருந்தாள்.

வளவு வாங்குவதென்றால் ஒரே வழிதான். ஆற்றின் அக்கரையில், படுவான்கரையில், அப்பாவின் வழியில் வந்த வயல் ஒன்று இருந்தது. அந்த வயல்வெளி வட்டையில் எங்கள் பங்கு சின்னதுதான். ஆனால் ஒவ்வொரு வெள்ளாமைக்கும் நெல்மூட்டை தோணியில் ஆற்றைக் கடந்து எங்கள் துறைக்கு வரும். அது எனக்கென்று அம்மா வைத்திருந்தது. அதை விற்றால்தான் வளவும் வரும், வீடும் வரும்.

"நெல்லு வாற வாசல அடைச்சிப்போட்டுக் கடல்காத்தத் திங்கப்போறியா?" என்றாள் அம்மா. "அங்க என்னகா இரிக்கி? கோயில் இரிக்கா, கடை இரிக்கா? பொழுது பட்டா நரி ஊளையிடுமாம். நாளைக்கு உனக்கு நோவு கண்டா ஆரக் கூப்பிடுவாய்?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் புதுவளவில் வீடு கட்டிக் குடியேறியிருந்த ஒரேயொரு ஆள் அரசாங்க மருத்துவிச்சி. எல்லோரும் அவரை மிஸி என்போம்.

மிஸிக்கு நாற்பது வயதிருக்கும். கலியாணம் முடிக்கவில்லை. வெள்ளைச் சேலை, காலில் சப்பாத்து, கையில் கறுப்புத் தோல்பை. தன் சம்பளத்தில், தன் பெயரில் வளவு வாங்கி, இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டுமாக வீடு கட்டியிருந்தார். நாங்கள் கீறிய வீட்டுக்குள் படுத்திருப்பதை அவர் தன் வாசலிலிருந்து பார்த்திருக்கிறார். ஒரு ஞாயிறு இளநீர் வெட்டிக் கொண்டுவந்து தந்துவிட்டு, கோட்டுக்கு வெளியில் நின்றே கேட்டார்.

"உள்ளுக்க வரலாமா?"

"வாங்க மிஸி" என்றார் என் கணவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

மிஸி ஒளிவுமறைவில்லாமல் கதைக்கிற ஆள். பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கிணற்றுத் தண்ணீர் மாரியில் தேன், கச்சான் காலத்தில் உப்புக் கரிக்கும். பள்ளிக்கூடமும் சந்தையும் வருமென்று சொல்லித்தான் தனக்கும் விற்றார்கள், எப்போது வரும் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். மாரி பலமாக இருந்தால் ஆற்றங்கரை வளவுகளில் தண்ணீர் நிற்கும், மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டி விட்டால்தான் வடியும்.

"அப்ப நீங்க ஏன் மிஸி வாங்கின?" என்று நான் கேட்டேன்.

"குவாட்டர்ஸ்ல இருந்தா வேலை முடியிற அண்டைக்கே வெளிய போகோணும். மறுகா அண்ணன்ட ஊட்டு மூலையில பாய் விரிக்கோணும். அதுக்கு உப்புத்தண்ணி பறவாயில்ல புள்ள" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது தோணியில் என் கணவர் தண்ணீரில் கையை விட்டபடி வந்தார். அவருக்கு ஆற்றங்கரைத் துண்டில் தண்ணீர் வரும் என்பது புதுச் செய்தியல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் அதைத் தெரிந்தேதான் ஆசைப்பட்டார். வருஷத்தில் சில நாள் ஆறு வந்து வாசலில் நிற்கும் ஒரு வீடு வேண்டும் என்று.

ஐப்பசியில், இரண்டு மழைக்கு நடுவே வெளித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா தடுக்கத் தடுக்க மீண்டும் போனோம். அவர் ஒரு கயிற்றுப் பந்தை எடுத்துக்கொண்டு கிணறு எங்கே வரலாம் என்று அளக்கப் போயிருந்தார். நான் பாயில் படுத்திருந்தேன். முதுகில் ஏதோ ஒன்று மெல்ல முறுக்கியது. பிறகு விட்டது. மறுபடி முறுக்கியபோது எழுந்து நின்று, அந்த நிலையிலும் கதவு என்று கீறியிருந்த இடைவெளியால்தான் வெளியே வந்தேன். மிஸி தன் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், என் நடையைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தார்.

"மாசம் இன்னும் இரிக்கே" என்றேன்.

"அது உனக்கும் எனக்கும் தெரியும். பிள்ளைக்குத் தெரியாதே" என்றார் மிஸி.

என்னைத் தன் வீட்டுக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, என் கணவரை அம்மாவைக் கூட்டிவரச் சொல்லித் துறைக்கு அனுப்பினார். அவர் கயிற்றுப் பந்து கையிலிருக்க ஓடியது ஜன்னலால் தெரிந்தது. கயிறு மணலில் அவிழ்ந்துகொண்டே போனது. பிறகு நடந்தது முழுவதும் என் நினைவில் ஒரே நீளமான பின்னேரமாக இருக்கிறது. ஒரு பக்க ஜன்னலால் கடலின் இரைச்சல் வரும். மறுபக்கத்தில் ஆறு, அதற்குச் சத்தமே இல்லை. நோவு வரும்போது கடலும், விடும்போது ஆறும் என்று நான் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மிஸியின் கை குளிர்ச்சியாக இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சற்று முன் மகள் பிறந்தாள். அணில்குஞ்சு மாதிரி சின்னவள். அழுவதற்கு முன் ஒரு கணம் யோசித்தாள்.

அம்மா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மிஸியைப் பார்த்தாள்.

"எப்ப ஊட்ட கொண்டு போகலாம்?"

"பிள்ளை சின்னன். காத்துல தோணியில கொண்டு போகேலா. இஞ்சயே இருக்கட்டும்" என்றார் மிஸி.

இப்படித்தான், அந்த மண்ணில் கால் வைக்கமாட்டேன் என்றிருந்த அம்மா, பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும் வரைக்கும் புதுவளவில் குடியிருக்க நேர்ந்தது.

முதல் சில நாட்கள் இரண்டு பெண்களுக்கும் இடையில் ஜன்னல் யுத்தம். மிஸி காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டு வேலைக்குப் போவார். அவர் தலை மறைந்ததும் அம்மா சாத்துவாள். பின்னேரம் மிஸி வந்து ஒன்றும் சொல்லாமல் திறப்பார். அம்மா சரக்கரைத்துக் குழம்பு வைத்துத் தந்தாள். மிஸி தன் பங்குக்குப் பால் தந்தார். நான் இரண்டையும் குடித்துவிட்டு நித்திரை கொண்டேன். அப்படி ஒரு நித்திரை எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கண் விழித்தால் காற்றில் ஜன்னல் சீலை அசையும், பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் படும். யாரும் கூப்பிடாத ஒரு வீட்டில் நான் படுத்திருக்கிறேன் என்பது மெல்ல மெல்ல விளங்கும். விளங்கியதும் மறுபடி கண் மூடிவிடும். கட்டில் நங்கூரம் தூக்கிய தோணிபோல ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்.

கார்த்திகையில் மாரி பிடித்தது. ஆறு நாளுக்கு நாள் ஏறி, ஒரு காலையில் பார்த்தால் எங்கள் வீடு இருந்த இடம் தண்ணீர். கோடுகள் அழிந்து, எல்லைக்கல்லின் தலைகள் மட்டும் தெரிந்தன. ஒரு கல்லில் ஒரு வெள்ளைக் கொக்கு. என் கணவர் கந்தோரிலிருந்து வந்த தோணி, வீதியாக இருந்த இடத்தின் மேலாலேயே வந்து, மிஸியின் வேலிக்குச் சற்றுக் கீழே நின்றது. நனைந்த முகம் முழுக்கச் சந்தோஷம்.

"பாத்தீங்களா மாமி, ஆறு எங்கட ஊட்டுக்குள்ள வந்திட்டுது."

"ஓம் மருமகன்" என்றாள் அம்மா, அரிசியில் கல் பொறுக்கியபடி. "பாய் போட்டு இருக்கச் சொல்லுங்க."

மிஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். அன்றைக்குப் பிறகு ஜன்னலை யாரும் சாத்தவில்லை.

அம்மாவில் ஏதோ இளகிக்கொண்டிருந்ததை நான் அரைத்தூக்கத்தில்தான் கவனித்தேன். மிஸி வெளியே போயிருக்கும் நேரம் பக்கத்து மீன்பிடிக் குடில்களிலிருந்து ஆட்கள் தேடி வருவார்கள். அம்மா வாசலில் நின்று விசாரிப்பாள். எத்தனையாம் பிள்ளை, எப்போது நோவு கண்டது, தண்ணீர் கொதிக்க வையுங்கள். அவர்கள் தலையாட்டிக்கொண்டு போவார்கள். புளியந்தீவு வீட்டில் அம்மாவிடம் அப்படி ஒருவரும் எதையும் கேட்டு வந்ததில்லை.

துடக்குக் கழிந்து, எண்ணெய் வைத்து முழுகிய அன்று மழை விட்டிருந்தது. கடல் பக்கத்து வாசலில் இருவரும் தலையைக் காயவிட்டு உட்கார்ந்திருந்தோம். பிள்ளை அம்மாவின் மடியில்.

"வளவுட உறுதி உன்ர பேர்லதான் எழுதுற" என்றாள் அம்மா. "மருமகன் சொல்லுவார், நானும் சொல்லுவன். நீ இன்னும் ஒண்டும் சொல்லல்ல."

நான் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தண்ணீர் அரை வருஷம் உப்பு. கந்தோருக்குத் தூரம். பள்ளிக்கூடம் வரலாம், வராமலும் போகலாம். நரி ஊளையிடுகிறது, நானே கேட்டேன். நெல் வராது. அரிசி வாங்கித்தான் தின்னவேண்டும். சொல்லச் சொல்ல எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. மறுபக்கத்தில் வைக்க என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"அம்மா, அங்க நான் எப்பவும் அக்காட ஊட்டுலதான் இருக்கன்."

அம்மா கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்ட அவளுக்குக் குடுத்திட்டன்" என்றாள். "நானும் அங்க விருந்தாளிதான் புள்ள. சோத்துக்குக் கூப்பிட்டாத்தான் போறன்."

எனக்கு அது தெரியாது. ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், நாங்கள் இருவரும் ஒரே சுவரைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"வாங்குவம்" என்றேன்.

"ஆத்தங்கரைத் துண்டு வேணா" என்றாள் அம்மா உடனே. "மிஸிட வேலிக்கு இங்கால மேட்டுத் துண்டு. மருமகனுக்கு நீ சொல்லு."

அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. மேட்டு வளவிலிருந்து பார்த்தால் ஆற்றை மிஸியின் வீடு மறைக்கும். கடல்கூடத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அன்று பின்னேரம் சொன்னபோது அவர் வாதாடவில்லை. தண்ணீர் வடிந்துகொண்டிருந்த அந்த இடம் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "கோடு நல்லா விழுந்திருந்தது, என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

வயலை விற்க அம்மா தனியாகத்தான் படுவான்கரைக்குப் போனாள். வாங்கியவர் காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் போடியார், பெரிய வயல்சொந்தக்காரர். பக்கத்து வயலும் அவருடையது. அம்மா திரும்பி வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, பகல் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அடுத்த கச்சான் காலத்தில் வீடு எழும்பியது. அம்மா தன் துணிமூட்டையோடு எங்களோடு வந்துவிட்டாள். அக்காவுக்கு அது கோபம். ஒரு வருஷம் பாலத்தைக் கடந்து வரவில்லை.

பிறகு எப்படி இருந்தது என்றால், பயந்தவை எல்லாம் நடந்தன. பள்ளிக்கூடம் வரவில்லை. சந்தைக்கென்று விட்ட இடத்தில் எருக்கலை வளர்ந்தது. கச்சான் காலத்தில் தேத்தண்ணீர் உப்புக் கரித்தது. என் கணவர் சைக்கிளில் கந்தோருக்குப் போய்ப் புழுதியோடு வந்தார். பின்னேரங்களில் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைத் துண்டுக்குப் போய் உட்காருவார். அதை ஒருவரும் வாங்கவில்லை. இருட்டியதும் முக்காலியோடு திரும்பி வருவார். முகம் தெளிந்திருக்கும்.

உலக யுத்தம் வந்து அரசாங்கக் கூப்பன் அரிசி வந்தபோதுதான் எனக்கு உண்மையாக உறைத்தது. அந்த அரிசியில் புழுவும் கல்லும். பல நாள் மரவள்ளிக்கிழங்கு. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் காலத்தில் ஒரு நாள் வயல் வாங்கிய போடியார் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சின்ன ஓலை உமல் நிறைய முதல் அறுவடையின் புது நெல்லரிசி.

"புதிர் அரிசி, உம்மா. உங்கட வயல்ல வெளஞ்சது" என்றார். "பிள்ளைக்குக் குடுங்க."

அம்மா அவரை உட்காரவைத்துக் கேட்டாள். வாய்க்கால் பக்கத்து வரம்பு இன்னும் உடைகிறதா, மருத மரம் நிற்கிறதா, இந்தமுறை அறக்கொட்டிப் பூச்சி விழுந்ததா. அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். தூரத்தில் கட்டிக்கொடுத்த மகளின் சேதியைக் கேட்பதுபோல அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவர் போனபிறகு அரிசியைப் பொங்கி முதல் கவளத்தை மகளுக்கு ஊட்டினாள். அந்த வாசனை அன்று முழுக்க வீட்டில் நின்றது. அதற்குள் உட்கார்ந்து, நான் சரியாகச் செய்தேனா என்று யோசித்தேன். மகள் வாசலில் மணலில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் "அடுப்பப் பாரு" என்று கூப்பிடவில்லை.

யுத்தம் முடிந்த கையோடு கந்தோரில் புதிதாகச் சேர்ந்த ஒரு கிளாக்கர், மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு அடுத்த துண்டை வாங்கலாமா என்று கேட்க. என் கணவர் காற்றையும், நேரான வீதியையும், மாரியில் ஆறு ஏறி வரும் அழகையும் சொல்லிக்கொண்டே போனார். அம்மா அதே நேரம் சமையல்கட்டிலிருந்து உப்புத்தண்ணீர், நரி, எருக்கலை என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. இஞ்ச எப்பிடி?"

"இரண்டு பேரும் சொல்றது சரிதான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், அடுத்த வளவின் வெறும் மணலைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தைமாதம் பிறந்ததும் வேலிக்கு அப்பால் கிணறு வெட்டுகிற சத்தம் கேட்டது. அம்மா தேத்தண்ணீர் ஊற்றி, மகளின் கையில் கொடுத்து அனுப்பினாள்.